குமாரலிங்கபுரத்துக்குச் சோறு வரும் வழி

அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள புரோட்டாக் கடைகளில் பொழுது சாய்ந்ததும் கல் சூடாகிவிடும். சால்னா கொதிக்கும். மாஸ்டர் ஒரு கையால் மாவை வீசிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பேசுவார்.

“அண்ணாச்சி, புரோட்டா நாலு, ஆம்லெட் ஒண்ணு. சால்னாவத் தனியாக் கட்டிருங்க. ஏழரை வண்டில குடுத்து விட்ருங்க.”

“சரிம்மா. வண்டி வந்ததும் கூப்பிடச் சொல்றேன்.”

ஏழரை வண்டி என்பது மினிபஸ். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் பார்சல் ஏறிக்கொள்ளும். விலாசம் எதுவும் அதில் இருக்காது. எந்த நிறுத்தத்தில் யார் வந்து நிற்பார்கள் என்பது நடத்துநருக்குத் தெரியும். ஊர் விலக்கில் வண்டி நிற்கும்போது ஒரு பையன் சைக்கிளோடு காத்திருப்பான். பணம் முன்பே போனில் போயிருக்கும், அல்லது மறுநாள் டவுனுக்குப் போகிறவர் கையில் போகும்.

பெரிய நகரங்களில் முதுகில் பெட்டியை மாட்டிக்கொண்டு பறக்கும் இளைஞர்கள் செய்யும் வேலையைத்தான் இந்த வட்டாரத்தில் மினிபஸ் செய்கிறது. உணவுச் செயலிகள் கடைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்துக்கு ஓர் எல்லை வைத்திருக்கின்றன. டவுனைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனதும் திரையில் கடைகள் மறைந்துவிடும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் சுற்றுவட்டாரத்தில் உள்ள கரிசல் ஊர்களில் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு வெளியே இருப்பவை.

எல்லைக்கு வெளியே இருப்பதற்குத் தூரம் மட்டும் காரணம் இல்லை. குமாரலிங்கபுரம் போன்ற ஊர்களின் நிலத்தைக் கோடையில் பார்த்தவருக்கு அது புரியாது. சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்கேயும் போகும். ஐப்பசி மழை இரண்டு விழட்டும், அப்போது தெரியும். கரிசல் மண் நனைந்தால் சேறாக ஓடாது, பசையாக ஒட்டும். இருசக்கர வாகனத்தின் மட்கார்டுக்குள் ஏறி அடைத்துக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். இறங்கிக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு நூறடி போனால் மறுபடியும் அதே கதை. தார்ச்சாலை ஊர்வரைக்கும் வந்துவிட்டது உண்மை. ஊரிலிருந்து புஞ்சைக்குப் போகும் வண்டிப்பாதைதான் இன்னும் பழையபடி இருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாதை மோசமாக இருக்கும் அந்த ஐப்பசி, கார்த்திகையில்தான் காட்டுக்குச் சாப்பாடு அதிகம் தேவைப்படும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த குதிரைவாலி, மக்காச்சோளம், பருத்தி, மல்லி, உளுந்து எல்லாவற்றிலும் அப்போது ஒரே சமயத்தில் களை வரும். ஆள் கிடைப்பதே பெரும்பாடு. வருகிற ஆட்கள் கூலியோடு டீ, வடையைக் கேட்கிறார்கள். சில ஊர்களில் மத்தியானச் சாப்பாட்டையும் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. காலையில் ஏழு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிற பெண், தன் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனக்கு எதுவும் கட்டாமல் வருகிறவள். ஆனால் பதினைந்து பொட்டலம் எலுமிச்சை சாதத்தை டவுனிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றால், கொண்டுவருகிறவருக்கு வழி சொல்வதே ஒரு வேலை. “பெரிய கண்மாய் மடைக்கு மேற்க, ரெட்டப்பனை தாண்டி மூணாவது புஞ்சை.” இந்த விலாசத்தை எந்த வரைபடமும் காட்டாது.

முன்பு இந்தப் பிரச்சினை வேறு விதமாகத் தீர்ந்திருந்தது. தூக்குச்சட்டியில் கம்மங்கூழோ குதிரைவாலிச் சோற்றின் நீத்தண்ணியோ, தொட்டுக்கொள்ள வெங்காயமும் மோர்மிளகாயும். கூழ் ஆறினால் கெட்டுப்போகாது, ஆறினால்தான் ருசி. வீட்டில் இருக்கும் கிழவியோ பள்ளிக்கூடம் போகாத பிள்ளையோ தலையில் வைத்து வரப்பில் நடந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அது நல்ல மாற்றம். நடுத்தர வயதுக்காரர்கள் திருப்பூரிலும் சிவகாசியிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். தூக்குச்சட்டி இன்னும் இருக்கிறது. அதைத் தூக்கிவர ஆள் இல்லை.

காட்டை விட வீட்டுக்குள் நிலைமை மோசம். மகன், மகள் எல்லோரும் வெளியூர். ஊரில் அம்மா மட்டும், அல்லது அப்பா மட்டும். ஒருத்திக்காக என்னத்தை உலை வைப்பது என்று காலையில் வடித்த சோற்றை மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்கள் இந்த ஊர்களில் குறைவில்லை. திருப்பூரில் இருக்கிற மகள் ராத்திரி எட்டு மணிக்குப் போன் போட்டு, “சாப்ட்டியாம்மா?” என்று கேட்கிறாள். “ஆச்சு ஆச்சு” என்று பதில் வருகிறது. ஆகவில்லை என்று மகளுக்குத் தெரியும். அதனால்தான் சில பிள்ளைகள் கடை அண்ணாச்சியிடம் கணக்கு வைத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் இட்லிப் பார்சலை வண்டியில் ஏற்றிவிடச் சொல்கிறார்கள். நாலு இட்லிக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

இந்த மாவட்டத்தின் பேர்பெற்ற பண்டங்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா, சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. மூன்றும் பயணம் தாங்குகிறவை. எண்ணெயில் மூழ்கிப் பொரிந்த புரோட்டா, கல்லில் சுட்ட புரோட்டாவைப் போல அரைமணியில் தோலாக இழுபடாது. சால்னாவைத் தனியாகக் கட்டினால் ஒரு மணி நேரம் கழித்தும் மொறுமொறுப்பு மிச்சமிருக்கும். சேவில் ஈரமே இல்லை. பால்கோவாவில் பாலின் தண்ணீர் சுண்டி, சர்க்கரை ஏறியிருக்கிறது. வெயிலும் தூரமும் நிறைந்த சீமையில் எது தாக்குப்பிடித்ததோ அதுவே பேரும் வாங்கியது போலும். தோசையும் பூரியும் தூரத்துக்கு ஆகாது. தோசை நைந்துவிடும், பூரி அமுங்கிவிடும். தொலைவு ஊருக்கு உணவு அனுப்ப நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது வண்டியை அல்ல, பண்டத்தை.

அடுத்தது கணக்கு. கடையிலிருந்து ஊர் 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 30. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் செலவே 65, 70 ரூபாய் ஆகிவிடும். கொண்டுபோகும் பையனுக்கு ஒரு மணி நேரக் கூலி என்று 60 ரூபாயாவது தர வேண்டும். ஆக 130 ரூபாய். 150 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 130 ரூபாய் வண்டிச் சத்தம் யார் கொடுப்பார்கள்? இதே பயணத்தில் பத்துப் பார்சல் போனால் ஒன்றுக்கு 13 ரூபாய்தான். பஞ்சு மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் விவசாயிகள் காலங்காலமாகப் போடும் கணக்குத்தான் இது. ஒரு மூட்டைக்கு வண்டி பிடித்தால் லாபம் சத்தத்தில் போய்விடும். ஊர் சேர்ந்து ஏற்றினால் கட்டும். ஒரே தெருவில் ஆறு வீடு சேர்ந்து, மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட்டால் கடைக்காரரே ஆள் அனுப்பத் தயாராக இருப்பார். ஆனால் ‘மேலத்தெருக்காரன் என்ன வாங்கிச் சாப்பிடுகிறான்’ என்று கீழத்தெருவுக்குத் தெரிந்துவிடும் என்பதாலேயே இது பல ஊர்களில் நடப்பதில்லை!

செயலி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நாமக்கல் சேதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். செயலி நிறுவனங்கள் பிடிக்கும் தரகுத்தொகை கட்டுப்படியாகவில்லை என்று அங்குள்ள ஓட்டல் உரிமையாளர்கள் 2025 ஜூலை 1 முதல் அவற்றின் வழியே விற்பதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். வாடிக்கையாளர் நெருக்கமாக உள்ள நகரத்துக் கடைக்கே கட்டவில்லை என்றால், வீட்டுக்கு வீடு ஒரு பர்லாங் இருக்கும் கரிசலில் அது எப்படிக் கட்டும்? கமிஷன் மண்டியில் தரகு கொடுத்துப் பழகிய விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எட்டாத ஊருக்குத் தினமும் சூடான சாப்பாடு கொண்டுசேர்க்க முடியுமா என்ற கேள்விக்கு இந்த வட்டாரம் ஏற்கெனவே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய எட்டயபுரம், அருப்புக்கோட்டையிலிருந்து தெற்கே தூத்துக்குடி போகும் சாலையில்தான் இருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பஸ் போகாத ஊருக்கும் இந்தச் சாப்பாடு போகிறது.

எப்படிப் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சென்னை போன்ற நகரத்தில் காலை உணவைப் பொதுச் சமையற்கூடத்தில் செய்து வண்டியில் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் அப்படி இல்லை. அரிசியும் ரவையும் பருப்பும்தான் பயணம் செய்கின்றன. சமையல் அந்தந்தப் பள்ளியிலேயே, மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களின் கையால் நடக்கிறது. உலர்ந்த பொருளை மாதம் ஒருமுறை எத்தனை தூரம் வேண்டுமானாலும் ஏற்றலாம், கெடாது. சமைத்த உணவைத்தான் ஏற்றக் கூடாது. கடையிலிருந்து வீட்டுக்கு வண்டியை இழுத்து இழுத்து நீட்டுவதை விட, அடுப்பைக் கொண்டுபோய் ஊருக்குப் பக்கத்தில் வைப்பது மலிவு. அந்த மாதிரி அடுப்பு பெரியவர்களுக்கென்று பல ஊர்களில் ஏன் இல்லை என்பதைத்தான் யோசிக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் பொங்கல் வைக்கத் தெரிந்த அதே பெண்கள், அதே தெருவில் தனியாக இருக்கும் பத்துப் பெரியவர்களுக்குத் தனி அடுப்பில், தனிக் கணக்கில் இட்லி வைக்க முடியாதா? திருப்பூர் மகள் அண்ணாச்சிக்கு அனுப்பும் பணத்தை இவர்களுக்கு அனுப்பப்போகிறாள், அவ்வளவுதான்.

இதற்குக் குமாரலிங்கபுரத்தில் இப்போது இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. அரசு ஏடுகளில் இ.குமாரலிங்கபுரம் என்று எழுதப்படும் ஊர் அது. நாடு முழுக்க அமையும் ஏழு பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காக்களில் தமிழ்நாட்டுக்கு உரியது அங்கேதான் வருகிறது. சிப்காட் வசம் உள்ள 1,052 ஏக்கர். 2023 மார்ச் 22 அன்று சென்னையில் ஒப்பந்தம் ஆனது. இப்படி ஒரு பூங்கா முழுமை பெற்றால் நேரடியாக 1 லட்சம் பேருக்கும் மறைமுகமாக 2 லட்சம் பேருக்கும் வேலை கிடைக்கும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. மதிப்பீட்டில் பாதியோ கால்வாசியோ நடந்தாலும், இன்று வண்டி வராத இடத்துக்கு நாளை ஆயிரக்கணக்கில் பசித்த வயிறுகள் வந்துசேரும். வெளிமாநிலத்து ஆட்களும் வருவார்கள். மூன்று ஷிப்ட் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் சாப்பாடு வேண்டும்.

அந்தச் சாப்பாட்டை யார் சமைப்பார்கள்? சும்மா இருந்தால் வெளியூர் கேட்டரிங்காரர்கள் வருவார்கள். மைதாவும் பாமாயிலும் லாரியில் வந்து இறங்கும். பக்கத்துக் காட்டில் குதிரைவாலி கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கும், அதை யாரோ வியாபாரி உரிக்காமல் மூட்டையாக அள்ளிக்கொண்டு போவார். இது நடக்காமல் இருக்க வேண்டுமானால் இப்போதே கணக்குப் போட வேண்டும்.

ஒரு தட்டு தயிர்சாதத்துக்கு 100 கிராம் குதிரைவாலி அரிசி போதும். நாளைக்கு 100 தட்டு என்றால் 10 கிலோ அரிசி. உமி நீக்கினால் 100 கிலோ தானியத்தில் 60 கிலோவை ஒட்டி அரிசி தேறும். ஆக நாளைக்கு 16, 17 கிலோ தானியம். வருடத்தில் 300 வேலை நாளுக்கு 5 டன். மதுரை வேளாண் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யு 1 ரகம் 95 முதல் 100 நாளில் வருவது. மானாவாரியில் ஏக்கருக்கு 600 கிலோ எடுத்தால் 8 ஏக்கரில் இந்த 5 டன்னும் வந்துவிடும். நூறு பேரின் ஒருவேளைச் சோறு எட்டு ஏக்கர் மானாவாரிக்குச் சந்தை. ஆயிரம் பேர் என்றால் எண்பது ஏக்கர். உலகச் சிறுதானிய ஆண்டு என்று 2023-ல் எத்தனையோ மேடைகள் போட்டார்கள். அந்த மேடைகளை விட இந்த எட்டு ஏக்கர்க் கணக்கு விவசாயிக்கு உபயோகமானது.

தொழிலில் இறங்க நினைக்கும் குழுக்கள் சறுக்கும் இடம் அரவை. குதிரைவாலியை ஒரேயடியாக உரித்து மூட்டை கட்டி வைத்தால் தவிட்டில் உள்ள எண்ணெய் காறிப்போய்ச் சிக்கு வாடை வரும். தானியமாகவே வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உரிப்பதே நல்லது. கல், மண் நீக்கும் சல்லடை இல்லாத அரவையில் உரித்தால் முதல் வாரத்திலேயே வாடிக்கை போய்விடும். பல்லில் கல் பட்டவன் திரும்ப வரமாட்டான்.

சமைத்த சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோறு கொதித்துவிட்டது, கிருமி செத்துவிட்டது என்று நம்புவது தப்பு. சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமி, கோரைக்கிழங்கு போல. மேலே எத்தனை முறை வெட்டினாலும் அடியில் கிழங்கு உயிரோடு இருந்து, ஈரம் கண்டதும் முளைக்கும். அதுபோல இந்தக் கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாமல் கிடந்து, சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் பெருகும். ஆகவே சூடாகக் கொடுக்க வேண்டியதை 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில், வெப்பம் காக்கும் பாத்திரத்தில் கொண்டுபோக வேண்டும். சூடு காக்க முடியாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் இலையில் விழுந்துவிட வேண்டும். நாலு மணி நேரம் வெளியில் கிடந்த சோற்றை வீசிவிடுவதே சரி. மனசு கேட்காதுதான்.

தூரம் போகிற சோற்றுக்குப் பாட்டிமார் வைத்த பக்குவம் இன்றும் செல்லும். புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்த கட்டுச்சோறு. தயிர்சாதம் என்றால் பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துக் கிளறுவது. போய்ச் சேரும்போது அது உறைந்து, புளிக்காமல் இருக்கும். புளிப்பு ஏறிய சோற்றில் கிருமி அத்தனை எளிதாகப் பெருகாது. குதிரைவாலிக்கு இந்த இரண்டும் நன்றாகப் பிடிக்கும். சாம்பார் சாதமாக்கினால் ஆறியதும் இறுகிவிடும்.

பொட்டலம் கட்டச் செய்தித்தாள் கூடாது. அச்சு மை சூட்டில் சோற்றுக்கு இறங்கும். மெல்லிய பிளாஸ்டிக் பை, தாள் எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் சூடான சால்னா இன்றும் அந்தப் பையில்தான் ஊர் ஊராகப் போகிறது என்பது ஊரறிந்த ரகசியம். இந்தச் சீமையில் வாழை இல்லை, பனை இருக்கிறது. பதநீர் குடித்த ஓலைப் பட்டையும், பலகாரம் கட்டிய ஓலைப் பெட்டியும் முடைகிற கைகள் இன்னும் சில ஊர்களில் மிச்சம். உலர்ந்த பண்டத்துக்கு ஓலைப் பெட்டி, ஈரமான சோற்றுக்குச் சில்வர் தூக்கு. தூக்கு திரும்பி வருமா என்று கேட்டால், தினமும் அதே வீட்டுக்குப் போகும் சாப்பாட்டுக்கு வரும். மும்பையில் 1890-லிருந்து டப்பாவாலாக்கள் வீட்டுச் சாப்பாட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், காலி டப்பாவை மாலைக்குள் அதே வீட்டில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் அதிகம் படிக்காதவர்கள். டப்பா மூடியில் எழுதிய குறியை வைத்தே வேலை நடந்தது.

உரிமம் பற்றிப் பயப்படுகிறவர்கள் உண்டு. சிறு சமையல்காரர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவுச் சான்று போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஆதாரும் புகைப்படமும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனால் விண்ணப்பித்துவிடலாம். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. காலையில் ஊரிலிருந்து டவுனுக்குப் போகிற பெண் கையில் பத்துத் தூக்கு போனால் சத்தம் என்று ஒரு பைசா ஆகாது. மாலையில் காலித் தூக்கோடு திரும்பலாம். டவுனிலிருந்து ஊருக்குப் புரோட்டா வரும் அதே தடத்தில், ஊரிலிருந்து டவுனுக்குக் குதிரைவாலித் தயிர்சாதம் போக எந்தத் தடையும் இல்லை. ஜவுளிப் பூங்காவின் கதவு திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அருப்புக்கோட்டையில் நெசவாளர்கள் இருக்கிறார்கள், ஜின்னிங் ஆலை ஆட்கள் இருக்கிறார்கள், அரசு அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே நூறு தட்டு ஓட்டிப் பழகிய குழுவுக்குத்தான் பூங்கா வரும்போது ஆயிரம் தட்டு கேட்கத் தைரியம் வரும்.

தை பிறந்தால் குதிரைவாலி களத்துக்கு வந்துவிடும். மூட்டைக்கு விலை பேச வியாபாரி வருவதற்குள், குழு வைத்திருக்கும் பெண்கள் பத்து மூட்டையையாவது ஒதுக்கி வைக்கலாம். ஏழரை வண்டி விலக்கில் நிற்கும்போது, புரோட்டாப் பார்சலை வாங்க வரும் பையனிடமே கேட்டால் தெரியும், அந்தத் தெருவில் ராத்திரி அடுப்பு எரியாத வீடு எத்தனை என்று.